கொலுவில் வைத்த மதில்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வீட்டில் இதை ஒரு குறையாகச் சொல்வார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் க்ளெய்ம் பிரிவில் உட்கார்ந்தே தலை நரைத்தவள் நான். வண்டி எப்படி இடித்தது, கடை எப்படி எரிந்தது, யார் பார்த்தார்கள் என்று கேட்பதுதான் என் வேலை. "அதைச் சொல்ல முடியாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டு எங்கள் பிரிவில் ஒருவரும் பணம் வாங்கிக்கொண்டு போனதில்லை. பொதுப் பணத்தைத் தொடுகிறவர் காரணம் சொல்ல வேண்டும். அரசாங்கம் என்று வந்ததும் இந்தச் சின்ன விஷயத்தை எல்லோரும் ஏன் மறந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

செம்பாக்கத்தில், ஏரிக்குச் சற்றுக் கீழே எங்கள் தெரு. தெருக்கோடியில் ஒரு பெரிய வெட்டவெளி இருந்தது. ராணுவத்துக்குச் சொந்தமான நிலம். முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். வேலிக்குள் கருவேலமரங்களும், எங்கிருந்தோ வரும் எருமைகளும்தான் குடியிருந்தன. ஏரி நிரம்பி வழியும் தண்ணீர் எங்கள் தெருவோரக் கால்வாயில் ஓடி, வேலிக்கடியில் நுழைந்து, அந்த வெட்டவெளியைத் தாண்டி அடுத்த ஏரிக்குப் போய்விடும். முள்கம்பியைத் தண்ணீர் மதித்ததில்லை. எருமைகளும் மதித்ததில்லை.

பிறகு ஒருநாள் வேலியை எடுத்துவிட்டு மதில் எழுப்பத் தொடங்கினார்கள். லாரி லாரியாக ஜல்லி வந்தது. ஆளுயரத்துக்கு மேல் இன்னொரு ஆளுயரம் சுவர், அதன் மேல் சுருள் கம்பி, நடுவில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை: படம் எடுக்கக் கூடாது, உள்ளே நுழையக் கூடாது. சுவருக்கு மேலே ஒரு கிரேனின் தலை மட்டும் தெரிந்தது. உள்ளே என்ன கட்டுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. கால்வாய்த் தண்ணீர் போக மதிலில் வழி விட்டிருக்கிறார்களா என்று எங்களில் ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. அந்த வருஷத்து ஐப்பசி மழைதான் வந்து பார்த்து, வழி இல்லை என்று சொன்னது.

மதிலில் முட்டிய தண்ணீர் அப்படியே திரும்பித் தெருவுக்குள் வந்தது. எங்கள் வீடு மேடு. இரண்டாம் படியோடு நின்றுவிட்டது. மதிலை ஒட்டி இருப்பது மீன்கார அக்காவின் ஓட்டு வீடு. அங்கே இடுப்பளவுத் தண்ணீர். மீன் விற்கும் அலுமினியத் தாம்பாளம் கூடத்தில் படகாக மிதந்ததை நானே பார்த்தேன். அக்கா குடும்பம் எங்கள் மாடியில் தங்கியது. பக்கத்துத் தெருவில் ஒருவர் நெஞ்சுவலியில் துடித்தபோது ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீருக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் பிழைத்தது அவருடைய அதிர்ஷ்டம்.

அக்கா என்றேனே, அவர் என்னைவிடச் சின்னவர். கடற்கரைக் குப்பத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். தெருவே அவரை அக்கா என்பதால் நானும் அக்கா என்பேன். அவரும் என்னை அக்கா என்பார். வெள்ளம் வடிந்த மறு வருஷம், ஆடி கழிந்த சமயம், வாசலில் வந்து நின்றார். மகள் முழுகாமல் இருக்கிறாள், தலைப்பிரசவம், ஐப்பசியில் நாள் கொடுத்திருக்கிறார்கள் என்றார். நான் சந்தோஷப்பட்டு வாய் மூடுவதற்குள் அவர் கண் மதில் பக்கம் போய்விட்டது.

"யக்கா, போன தபா மாதிரி இந்த தபாவும் தண்ணி பூந்துச்சின்னா, வலி வந்த பொண்ண நான் எங்க தூக்கினு ஓடுவேன்? வண்டி உள்ள வருமா? நீ நாலு எய்த்து படிச்சவ. இன்னான்னு கேளேன்."

கேட்டேன். மாநகராட்சிப் பொறியாளர், "மதிலுக்கு அந்தப் பக்கம் எங்க லிமிட் இல்ல மேடம், அது டிஃபென்ஸ்" என்றார். வளாகத்தின் வாசலில் நின்ற காவலர் மரியாதையாகத்தான் பேசினார், எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன். கிணற்றில் போட்ட கல். கடைசியில் தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி கேட்டு மனுப் போட்டேன். அங்கே என்ன கட்டுகிறீர்கள்? என்ன செலவு, யார் கான்ட்ராக்டர்? கால்வாய்த் தண்ணீர் போக மதிலில் வழி உண்டா?

பதில் வந்தது. மூன்று கேள்விக்கும் சேர்த்து ஒரே வாக்கியம். கேட்ட விவரங்கள் நாட்டின் பாதுகாப்பைச் சார்ந்தவை, தர இயலாது. முதல் கேள்விக்கு அப்படித்தான் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். இரண்டாவதற்கும் சொல்வார்கள் என்று கொஞ்சம் நினைத்தேன். மூன்றாவதற்கும் அதே வாக்கியம்தான் என்று உறைத்தபோது வந்தது பாருங்கள் ஒரு கோபம், குக்கர் விசிலடித்ததுகூட எனக்குக் கேட்கவில்லை. எங்கள் தெருச் சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது ராணுவ ரகசியமாம்!

இந்த இடத்தில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்தான் எங்கள் காலனி நலச்சங்கத்தின் செயலாளர். முப்பது வருஷம் ராணுவக் கிடங்கு ஒன்றில் சிவிலியன் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே என்ன வேலை, எந்தச் சாமான் என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். "அதெல்லாம் வெளியே சொல்லக் கூடாது" என்றார். அன்றோடு கேட்பதை விட்டுவிட்டேன். மனுவில் சங்கத்தின் சார்பில் கையெழுத்துப் போடவும் அவர் மறுத்துவிட்டதால் என் பெயரில்தான் அனுப்பினேன்.

"அவங்க சொல்றது சரிதானே? எல்லாத்தையும் வெளிய சொன்னா எதிரிக்குத் தெரிஞ்சிடும்" என்றார், பதிலைப் படித்துவிட்டு.

"எந்த எதிரிங்க நம்ம தெருச் சாக்கடை வழியா வரப்போறான்?"

"உனக்கு அதெல்லாம் தெரியாது."

"அதைத்தாங்க நானும் சொல்றேன். தெரியல. தெரியாததாலதான் கேட்டேன்."

அவர் செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் அதுதான் மதில்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பீரங்கி எத்தனை, ரேடார் எங்கே என்று எனக்குத் தெரிய வேண்டாம். தெரிந்து நான் என்ன செய்யப்போகிறேன், சாம்பாரில் போடவா? பனியில் காவல் நிற்கிற பிள்ளைகள் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் பட்ஜெட் அன்று பாதுகாப்பு என்று ஒரு தொகையை வாசிக்கிறார்கள், எல்லாக் கட்சிக்காரர்களும் சேர்ந்து மேஜையைத் தட்டுகிறார்கள், அதற்குப் பிறகு அந்தப் பணம் எந்த வழியாகப் போய் எங்கே சேர்ந்தது என்று ஒருவன் கேட்டால் அவன் துரோகி. பீரங்கிக்காகப் போட்ட பூட்டு அது. அந்தப் பூட்டுக்குள் கான்ட்ராக்டரும் போய் உட்கார்ந்துகொள்கிறார், மதிலும் உட்கார்ந்துகொள்கிறது, கடைசியில் சாக்கடைக் குழாயும் உட்கார்ந்துகொள்கிறது. கேட்க ஆளில்லாத இடத்தில் தப்பு நடக்காமல் இருக்க எல்லோரும் மகாத்மாவாக இருக்க வேண்டும். நான் க்ளெய்ம் பிரிவில் பார்த்தவரை அப்படி யாரும் இல்லை.

கவுன்சிலரிடம் போனேன். இளைஞர், பார்த்தால் எழுந்து நிற்பார், போன தேர்தலில் "உங்க வீட்டுப் பிள்ளை" என்று சொல்லித்தான் ஓட்டு வாங்கினார். "அக்கா, ரோடு கேளுங்க, லைட்டு கேளுங்க. இது டிஃபென்ஸ் மேட்டர். நாம பேசினா தப்பாப் போயிடும்" என்றார். சரி, எதிர்க்கட்சிக்காரரைப் பிடிப்போம் என்று போனால் அவர் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டு அதையே சொன்னார். எதற்கெடுத்தாலும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கிற இந்த இரண்டு பேரும் ஒற்றுமையாக இருந்து நான் பார்த்தது அந்த மதில் விஷயத்தில் மட்டும்தான். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். எங்கள் மதிலுக்கு இரண்டு ஓணான்.

காலனி வாட்ஸ்அப் குழுவில் மனுவைப் பற்றி எழுதினேன். தேசத்தின் பாதுகாப்பைவிட உங்கள் வாசற்படி பெரிதா என்று ஒருவர் கேட்டார். மேடவாக்கம் அபார்ட்மென்ட்டில் இருந்துகொண்டு இங்கே வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர் அவர். அங்கே தண்ணீர் லாரி ஒருநாள் வராவிட்டால் ஊரைக் கூட்டுவார். இன்னொரு பையன் எனக்கு "ஆன்டி நேஷனல் ஆன்ட்டி" என்று பெயர் வைத்தான். பெயர் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அக்காவின் மகளுக்கு மாதம் ஏறிக்கொண்டே போனது.

புரட்டாசி பிறந்தது. எங்கள் வீட்டில் வருஷா வருஷம் கொலு உண்டு. படிகளில் எல்லோர் வீட்டையும் போலத்தான், கலசம், மரப்பாச்சி, தசாவதாரம். படிக்குக் கீழே தரையில் நான் ஏதாவது ஒரு காட்சி அமைப்பேன், அதைப் பார்க்கத்தான் கூட்டம் வரும். ஒரு வருஷம் குன்றத்தூர் மலையை, படிக்கட்டும் முருகன் கோயிலுமாக வைத்தேன். ஒரு வருஷம் தாம்பரம் ஸ்டேஷனை, நடைமேடைக் கூட்டத்தோடு வைத்தேன். அந்த வருஷம் என்ன வைப்பது என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

புரட்டாசியில் மீன் வியாபாரம் படுத்துவிடும், ஊரே சைவமாகிவிடும். அக்கா சும்மா இருந்ததால் உதவிக்கு வந்தார். பெரிய தாம்பாளத்தில் ஏரி. அலுமினியக் காகிதத்தில் கால்வாய். கடுகு முளைக்கவைத்துப் புல். தீப்பெட்டி அட்டையில் எங்கள் வீடுகள். தெருக்கோடியில் தெர்மாகோலில் மதில், அதற்குச் சாம்பல் வண்ணம். மதிலடியில் தண்ணீர் கசியாமல் அக்கா மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினார். மதிலை ஒட்டிக் களிமண்ணில் ஒரு ஓட்டு வீடு. அதன் வாசலில் என் வளைகாப்புப் பொம்மை செட்டிலிருந்து கர்ப்பிணிப் பொம்மையை எடுத்து உட்காரவைத்தேன். கை நிறைய வளையல், நிறைந்த வயிறு, கன்னத்தில் சந்தனம்.

அக்கா அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "எம் பொண்ணு மாரியே கீதுக்கா" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன வைப்பது? "அங்க எதையும் வெக்காதே. வம்பை விலைக்கு வாங்காதே" என்றார் வீட்டுக்காரர். நான் உள்ளே போய், எதையோ கொண்டுவந்து வைத்து, கொலுவுக்கு வரும் பெண்களுக்குக் கொடுக்க வாங்கி வைத்திருந்த ரவிக்கைத் துணியில் ஒன்றை எடுத்து, பச்சை நிறம், அதன் மேல் போர்த்திவிட்டேன். அரசாங்கத்தின் அந்த ஒற்றை வாக்கியத்தை ஒரு அட்டையில் எழுதித் துணியின் மேல் குத்தினேன்.

முதல் நாள் மாலை பெண்கள் வந்தார்கள். பாட்டு முடிந்ததும், "யார் வேணா ஏரியில ஒரு கரண்டி தண்ணி ஊத்தலாம்" என்றேன். ஆளுக்கொரு கரண்டி ஊற்றினார்கள். ஏரி வழிந்து, கால்வாயில் ஓடி, மதிலில் முட்டித் திரும்பி, தெருவில் ஏறி, கர்ப்பிணிப் பொம்மையின் காலை நனைத்தது. எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். அதோடு நின்றிருக்க வேண்டும். ஆனால் அக்காவின் மெழுகு வேலை அப்படியொரு கெட்டி, பின்னாலிருந்தவர்களுக்கும் ஊற்றிப் பார்க்க ஆசை. தண்ணீர் தெருவைத் தாண்டிக் கூடத்து மொசைக்கில் இறங்கி, கீழ்ப்படிக்கு விரித்திருந்த என் பட்டுப்புடவையை நனைத்து, உட்கார்ந்திருந்தவர்களை எல்லாம் எழுப்பிவிட்டது. அதுவும் காட்சியின் பகுதிதான் என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். செயலாளர் தரை துடைக்கிற துணியோடு வந்து, முணுமுணுத்துக்கொண்டே என் கொலுவின் வெள்ளத்தை வடித்தார்.

மறுநாளிலிருந்து கூட்டம் இரட்டிப்பானது. செம்பாக்கத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் அறிமுகமில்லாத பெண்கள் வந்தார்கள். எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: "துணிக்குள்ள என்ன மாமி?" நான் அட்டையைக் காட்டுவேன். படித்துவிட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அந்தப் பொம்மையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிடும். சங்கத்துப் பெண்கள் இரண்டு மூன்று பேர், மீன்காரியைப் பக்கத்தில் உட்காரவைத்து வெற்றிலை பாக்கு கொடுக்கிறேன் என்று முகம் சுளித்தார்கள். அவர்கள் கண்ணெதிரிலேயே அக்காவுக்கு முதல் தாம்பூலம் கொடுத்தேன்.

ஒருநாள் கவுன்சிலரின் மனைவி வந்தாள். அந்தப் பெண்ணும் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினாள். வீட்டில் போய் என்ன பேசினாளோ, மறுநாள் கவுன்சிலரே வந்துவிட்டார்.

"அக்கா, மத்ததெல்லாம் இருக்கட்டும். அந்தத் துணியை மட்டும் எடுத்திடுங்க."

"ஏன் தம்பி? உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"தெரியாத விஷயத்துக்கா பயப்படறீங்க?"

சுண்டலை வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கே யாரோ என் கொலுவைப் படம் பிடித்து, செம்பாக்கத்தில் ராணுவ வளாகத்தின் மாதிரியைச் செய்து பொதுமக்களுக்குக் காட்டுகிறார்கள் என்று எழுதிப் பரப்பியிருந்தார்கள். அடுத்த நாள் மாலை வாசலில் போலீஸ் ஜீப் நின்றது.

இன்ஸ்பெக்டரும் ஒரு பெண் போலீஸும் வந்தார்கள். கொலு என்றதும் இன்ஸ்பெக்டரின் கை தானாகப் பூட்ஸைக் கழற்றியது. அப்போதே எனக்குப் பாதி பயம் போய்விட்டது. மீதிப் பாதி இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கூடத்தில் இருந்த பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். அக்கா மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை.

"மேடம், ஒரு கம்ப்ளெயின்ட் வந்திருக்கு. மிலிட்டரி ஏரியாவை மாடல் பண்ணி வெச்சிருக்கீங்களாம்."

"நீங்களே பாருங்க சார். மதிலுக்கு இந்தப் பக்கம் எங்க தெரு. எங்க தெருவை நாங்க வெக்கலாம். அந்தப் பக்கம் துணி."

"துணிக்குள்ள என்ன இருக்கு?"

"அதைத்தான் சார் நானும் எழுதிக் கேட்டேன்."

பெண் போலீஸ் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு இருமினாள். இன்ஸ்பெக்டர் குனிந்து அட்டையைப் படித்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை. "இந்தப் பகுதியை மட்டும் கலைச்சிடுங்க மேடம். பிரச்சினை வேணாம்" என்றார்.

"கலசம் வெச்ச கொலு சார். விஜயதசமிக்கு முன்னால கலைக்கிற வழக்கம் இல்ல. உங்க வீட்டில கேட்டுப் பாருங்க."

"எங்க வீட்டிலயும் வெச்சிருக்காங்க" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, வாசல் ஓரமாக நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "சார், நீங்க டிஃபென்ஸ்ல வேலை பார்த்தவராமே? நீங்க எடுத்துச் சொல்லக் கூடாதா?"

மற்ற யார் என்ன சொன்னாலும் தாங்குவேன். இந்த மனிதர் இத்தனை பேர் முன்னால் "எடுத்துவிடு" என்று சொல்லிவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் என் குரலுக்கு என்ன மதிப்பு? அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கர்ப்பிணிப் பொம்மையைப் பார்த்தார். தினமும் தரை துடைத்த ஆள் அல்லவா, அதன் காலடியை எல்லோரையும்விடக் கிட்டத்தில் பார்த்தவர் அவர்தான்.

"துணியை நீங்களே எடுக்கலாம் சார்" என்றார். "யாரும் தடுக்கல. ஆனா எடுத்தா, உள்ள என்ன பார்த்தீங்கன்னு எழுதணும். ரகசியம்னு எழுதுவீங்களா, ரகசியம் இல்லைன்னு எழுதுவீங்களா? எதை எழுதினாலும் சங்கத்துக்கு ஒரு காப்பி குடுத்திடுங்க. நான்தான் செக்ரட்டரி."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் எனக்காக எழுந்து பேசியது அதுதான் முதல் தடவை. எனக்காக என்றுகூடச் சொல்ல முடியாது, அந்தப் பொம்மைக்காக. எதற்காகவோ, பேசினார்.

இன்ஸ்பெக்டர் துணியைத் தொடவில்லை. "நிஜமாவே இப்படித்தான் தண்ணி நிக்குதா?" என்று கேட்டார். நான் கரண்டியை நீட்டினேன். ஊற்றினார். இன்னொரு கரண்டி ஊற்றினார். தண்ணீர் ஓடி, முட்டி, திரும்பி வந்து அந்தப் பொம்மையின் காலைத் தொட்டபோது, பெண் போலீஸ் சட்டென்று குனிந்து பொம்மையைத் தூக்கி மதிலின் மேல் உட்காரவைத்துவிட்டாள். கொலுப் பொம்மையை இடம் மாற்றக் கூடாது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்திருக்கும். அவளுக்குக் குங்குமமும் தாம்பூலமும் கொடுத்தேன், இன்ஸ்பெக்டருக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல்.

"ரிப்போர்ட்ல என்ன எழுதறதுன்னு தெரியல மேடம்" என்றார், பூட்ஸை மாட்டிக்கொண்டே.

"பார்த்ததை எழுதுங்க சார்."

விஜயதசமி அன்று இரவு ஆரத்தி எடுத்து, மரப்பாச்சியைப் படுக்கவைத்தோம். மறுநாள் பொம்மைகளைத் துணி சுற்றிப் பெட்டியில் அடுக்கும்போது அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அதுவும் புதுசு. பச்சைத் துணியைக் காட்டி, "இப்பவாவது சொல்லு. உள்ள என்ன?" என்றார்.

"முதல்ல நீங்க சொல்லுங்க. முப்பது வருஷம் அந்தக் கிடங்கில என்ன வெச்சிருந்தீங்க?"

"கொசுவலை" என்றார். "அப்புறம் கம்பளி. எங்க செக்‌ஷன்ல பெரும்பாலும் அதுதான்."

நான் துணியை எடுத்தேன். இட்லிப் பானையின் மூடி. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

சிரித்தோமே தவிர மதில் அப்படியேதான் நின்றது. ஐப்பசி பிறந்து வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அக்காவின் மகள் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். தினமும் காலையில் அக்கா மதிலைப் பார்த்து ஒரு வசவு வைத்துவிட்டுத்தான் கூடையை எடுப்பார். தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் காலை, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து டிரில்லிங் சத்தம் கேட்டது. தெருவே ஓடியது. கால்வாய் போய் முட்டுகிற இடத்தில் மதில் பொடிப்பொடியாக உதிர்ந்து, ஒரு சதுர ஓட்டை விழுந்தது. மாலைக்குள் அதில் இரும்புக் கம்பிச் சட்டம் பொருத்தி, ஓரத்தைப் பூசிவிட்டார்கள். நான் குனிந்து ஓட்டை வழியாக, "யார் சொல்லி இதைச் செய்யறீங்க?" என்று கேட்டேன். உள்ளே நின்ற காவலர், "பேசக் கூடாது மேடம்" என்றார்.

இன்ஸ்பெக்டரின் ரிப்போர்ட்டா, கவுன்சிலர் மனைவியின் நச்சரிப்பா, கூட்டத்தோடு கூட்டமாக வந்து கரண்டி பிடித்தவர்களில் மதிலுக்கு உள்ளேயிருந்து வந்தவர் யாராவது இருந்தார்களா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. முதலிலேயே ஓட்டை விட்டிருந்தால் ஒரு செலவு. கட்டி, பிறகு இடித்து, மறுபடி பூசியதில் இன்னொரு செலவு. அது யார் பணம் என்று கேட்டு மேல்முறையீடு செய்திருக்கிறேன். பதில் வரவில்லை. வரும்வரை விடப்போவதில்லை.

மழை வந்தது. ராத்திரியெல்லாம் அந்த ஓட்டைக்குள் தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது. அக்கா வீட்டு வாசற்படியின் கீழ்க்கல் வரை ஏறி, அங்கேயே நின்றது. அடைமழையில் ஒரு மத்தியானம் மகளுக்கு வலி எடுத்தபோது ஆம்புலன்ஸ் கணுக்கால் தண்ணீரில் சீறிக்கொண்டு தெருக்கோடி வரை வந்தது. பெண் குழந்தை.

தை பிறந்ததும் உள்ளாட்சித் தேர்தல் பேச்சு. கவுன்சிலர் கும்பிட்ட கையோடு எங்கள் தெருவுக்கு வந்தார். அக்கா தன் வீட்டு வாசலில் பேத்தியைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நானும் என் வீட்டுக்காரரும் வெயில் காய அங்கேதான் நின்றிருந்தோம்.

"அக்கா, பார்த்தீங்களா? நான்தான் பேசி அந்த ஓட்டையைத் திறக்க வெச்சேன்" என்றார் கவுன்சிலர்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "அப்டியா? யார்கிட்ட பேசுன? எவ்ளோ துட்டு ஆச்சி?"

"அதெல்லாம் டிஃபென்ஸ் மேட்டர்க்கா. வெளிய சொல்லக் கூடாது." சிரித்தார். "சரி, இந்த தடவையும் ஓட்டு நமக்குத்தானே?"

அக்கா குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டார். முந்தானையை இழுத்து அதன் மேல் போர்த்தினார். "அது ரகசியம்பா" என்றார். "வெளிய சொல்லக் கூடாது."

கவுன்சிலர் முகம் கொஞ்சம் மாறியது. அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கேயும் அதே பதில். எதிர் வீட்டிலும் அதே. பெண்கள் கதவைப் பிடித்துக்கொண்டு, சிரிக்காமல், ஒரே மாதிரி சொன்னார்கள். நாங்கள் யாரும் கூடிப் பேசி வைத்துக்கொள்ளவில்லை. தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தவர், கடைசியில் என் வீட்டுக்காரரிடம் நின்றார்.

"சார், நீங்க செக்ரட்டரி. நீங்களாவது சொல்லுங்க. தெரு யார் பக்கம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முப்பது வருஷம் கொசுவலையையே வெளிய சொல்லாதவன் தம்பி நான்" என்றார். "இதையா சொல்லிடுவேன்?"